டேபிள் தராவிட்டால் என்ன? நீயே எழுது!

"பைனாமியல் டேபிள் கொடுக்க மாட்டாங்களாமே!"

புள்ளியியல் தேர்வு நெருங்கினால் போதும், இந்த ஒரு வரி வகுப்புக்கு வகுப்பு தீயாய்ப் பரவும். வேடந்தாங்கலிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் தம்பிகளே, தங்கைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். எண்கள் அச்சடித்த இரண்டு பக்கம் கையில் இல்லை என்பதற்காகவா முகம் வாடி நிற்கிறீர்கள்? வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் நீங்கள். இதைவிடப் பெரிய இல்லாமைகளையெல்லாம் தாண்டித்தானே இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?

பயம் வருவதில் தவறில்லை. பயத்தை உட்காரவைத்து உபசரிப்பதுதான் தவறு. அதை எழுப்பி வெளியே அனுப்பும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வெறும் "உன்னால் முடியும்" என்ற தட்டிக்கொடுப்பு உனக்குப் போதாது. எப்படி முடியும் என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தன்னம்பிக்கை.

அந்த அட்டவணையில் என்னதான் இருக்கிறது?

யாரோ கணக்குப் போட்டு எழுதிவைத்த விடைகள் இருக்கின்றன. அவ்வளவுதான். அதில் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை. ஒரு செயலைப் பலமுறை செய்கிறோம். ஒவ்வொரு முறையும் வெற்றி அல்லது தோல்வி. ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு அதேதான். ஒரு முறை நடந்தது மறு முறையைப் பாதிக்காது. அப்படியானால் மொத்தத்தில் எத்தனை வெற்றி கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? இதுதான் ஈருறுப்புப் பரவல், அதாவது பைனாமியல். இதற்கான விடைகளை வரிசையாக அடுக்கினால் அதுவே அட்டவணை.

சுவிட்சர்லாந்துக்காரர் யாக்கோபு பெர்னூலி இந்தப் பரவலை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713இல் அச்சானது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 49 முயற்சிகள் வரைக்குமான பெரிய ஈருறுப்பு அட்டவணையை நூலாக வெளியிட்டது 1950இல். ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணிப்பு ஆய்வுக்கூடத்தின் அட்டவணை வந்தது 1955இல். நடுவே எத்தனை ஆண்டுகள் என்று கழித்துப் பார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இப்படிப்பட்ட பெரிய அட்டவணை எதுவும் இல்லாமலேயே நிகழ்தகவு என்ற துறை வேர்விட்டுக் கிளைவிட்டு மரமாக நின்றது. இன்று தேர்வுக்கூடத்தில் உன் கையில் இல்லாத அதே பொருள்தான் அந்த மேதைகளின் கையிலும் இல்லை!

இல்லாமையிலிருந்து பிறந்த மணிவளைவு

ஆபிரகாம் தெ மாய்வர் என்ற பெயரை நெஞ்சில் எழுதிக்கொள். 1667இல் பிரான்சில் பிறந்தவர். புராட்டஸ்டண்ட் மதத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அங்கே துன்பத்துக்கு ஆளாகி லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். பெரிய கணித அறிஞர் என்று ஊரே ஒப்புக்கொண்டும் ஒரு பல்கலைக்கழகம்கூட அவருக்கு வேலை தரவில்லை. வீடு வீடாக நடந்து டியூஷன் எடுத்தார். காபிக் கடைகளில் சூதாட்டக் கணக்குகளுக்கு விடை சொல்லிச் சம்பாதித்தார்.

அவர் முன்னால் நின்ற சிக்கல் இன்று உன் முன்னால் நிற்கும் அதே சிக்கல். முயற்சிகள் நூறு, ஆயிரம் என்று பெருகும்போது ஈருறுப்பு வாய்ப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்டினால் ஆயுள் போதாது. அட்டவணை கிடையாது. கணிப்பான் கிடையாது. அவர் தலையில் கை வைத்து உட்காரவில்லை. 1733இல் ஏழே பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு எழுதினார். முயற்சிகள் பெருகப் பெருக இந்த வாய்ப்புகள் ஒரு வழவழப்பான வளைவின் மேல் போய் உட்காருகின்றன என்று அதில் காட்டினார். நீ இயல்நிலைப் பரவல் என்று படிக்கிறாயே, மணியைக் கவிழ்த்ததுபோல் இருக்குமே, அந்த வளைவுதான் அது! அப்போது அவருக்கு வயது 66.

நன்றாக யோசி. நூறு முயற்சிக்கும் ஆயிரம் முயற்சிக்கும் அட்டவணை அவர் மேசையில் தயாராக இருந்திருந்தால் இந்தக் குறுக்குவழியைத் தேட அவருக்கு அவசரம் ஏது? புள்ளியியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, கைக்கு எட்டாத அட்டவணைக்குப் பதிலாகத் தேடியபோது கிடைத்தது. பல்கலைக்கழக வேலை கிடைக்காத அகதி ஒருவர் 66 வயதில் செய்துகாட்டியதில் நூறில் ஒரு பங்கை இருபது வயதில் உன்னால் செய்ய முடியாதா?

உன் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது

"அவர் மேதை, நான் சாதாரணம்" என்று சொல்லாதே. இந்தக் கணக்கின் எலும்புக்கூடு உனக்கு எப்போதோ மனப்பாடம். நம்ப மாட்டாயா? யாப்பிலக்கணம் படித்தாயே, அசை இரண்டு: நேர், நிரை. ஈரசைச் சீர்கள் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இவற்றில் நிரையே இல்லாதது ஒன்று, தேமா. ஒரு நிரை உள்ளவை இரண்டு, புளிமாவும் கூவிளமும். இரண்டு நிரை உள்ளது ஒன்று, கருவிளம். ஆக 1, 2, 1.

மூவசைச் சீருக்குப் போ. காய்ச்சீர் நான்கு, கனிச்சீர் நான்கு, மொத்தம் எட்டு. நிரையே இல்லாதது தேமாங்காய் மட்டும். ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரண்டு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரையானது கருவிளங்கனி. ஆக 1, 3, 3, 1. பூவும் நிழலும் சேர்ந்த நாலசைச் சீர்கள் பதினாறையும் இதேபோல் பிரித்தால் 1, 4, 6, 4, 1 என்று வரும். நீயே பிரித்துப் பார்.

மேலை நாட்டார் பாஸ்கல் முக்கோணம் என்று அழைப்பது இதைத்தான். பாஸ்கலின் நூல் 1665இல் அச்சானது. அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பிங்கலரின் சந்த சாத்திரத்துக்கு உரை எழுதிய ஹலாயுதர், குறிலும் நெடிலுமான அசைகளை எண்ணும் வழியாக இந்த முக்கோணத்தை 'மேரு பிரஸ்தாரம்' என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். நேரைத் தோல்வி என்றும் நிரையை வெற்றி என்றும் வைத்துக்கொள். ஈருறுப்புப் பரவலின் எண்கள் அத்தனையும் உன் நாக்கில் ஏற்கெனவே தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன. இது அந்நியமான பாடம் இல்லை. உன் வீட்டுச் சொத்து!

ஆறு கூடுகள், ஏழு எண்கள்

இனி கையில் பேனாவை எடு. வேடந்தாங்கல் ஏரிக்கே போவோம். வடகிழக்கு மழையில் ஏரி நிறைந்து, நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, கிளை கிளையாகக் கூடுகள். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம். ஒரு பேச்சுக்கு, நூற்றுக்கணக்கான கூடுகளில் மூன்றில் ஒரு பங்கு சங்குவளை நாரையுடையது என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி ஆறு கூடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். அவற்றில் எத்தனை சங்குவளை நாரையுடையதாக இருக்கும்?

ஒன்றுகூட இல்லை என்பதிலிருந்து தொடங்கு. ஒவ்வொரு கூடும் வேறு பறவையுடையதாக இருக்க வாய்ப்பு 2/3. ஆறு முறை பெருக்கினால் 64/729. இந்த 64ஐப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் வரிசையாக வரும். சூத்திரத்தை ஆறு தடவை போட வேண்டாம். விதி இதுதான்: கையில் உள்ள எண்ணை, மீதியிருக்கும் கூடுகளின் எண்ணிக்கையால் பெருக்கு. அடுத்தது எத்தனையாவது வெற்றியோ, அந்த எண்ணால் வகு. வந்ததை வெற்றி வாய்ப்புக்கும் தோல்வி வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கு. இங்கே அந்த விகிதம் 1/3க்கு 2/3, அதாவது பாதி.

64ஐ 6ஆல் பெருக்கி, 1ஆல் வகுத்து, பாதியாக்கு: 192.
192ஐ 5ஆல் பெருக்கி, 2ஆல் வகுத்து, பாதியாக்கு: 240.
240ஐ 4ஆல் பெருக்கி, 3ஆல் வகுத்து, பாதியாக்கு: 160.
160ஐ 3ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்து, பாதியாக்கு: 60.
60ஐ 2ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, பாதியாக்கு: 12.
12ஐ 1ஆல் பெருக்கி, 6ஆல் வகுத்து, பாதியாக்கு: 1.

64, 192, 240, 160, 60, 12, 1. கூட்டு. 729! பகுதி எண்ணும் 729. உன் கணக்கு சரியா தவறா என்று அந்தக் கூட்டுத்தொகையே சொல்லிவிடும். யாரிடமும் கேட்க வேண்டாம். குறைந்தது இரண்டு கூடு சங்குவளை நாரையுடையதாக இருக்க வாய்ப்பு என்ன? முதல் இரண்டையும் கூட்டினால் 256. அதை 729இலிருந்து கழித்தால் 473. ஆக 473/729, அதாவது சுமார் 0.649.

இப்போது ஒன்றைக் கவனி. பாடநூல்களின் பின்பக்கத்தில் அச்சிடும் அட்டவணைகள் பெரும்பாலும் 0.05, 0.10, 0.15 என்று தாவித் தாவித்தான் போகும். மூன்றில் ஒன்று என்று கேட்டால் அங்கே இருக்காது! அட்டவணையையே நம்பி வந்தவன் அங்கே திணறுவான். நீ எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போயிருப்பாய்.

இன்னொன்றும் கவனி. ஆறு கூடுகளுக்குப் பதிலாக, ஒரே கூட்டில் உள்ள நான்கு முட்டைகளில் எத்தனை பொரியும் என்று கேட்டால் இந்தக் கணக்கை அப்படியே போடலாமா? கூடாது. புயலில் கிளை முறிந்தால் நான்கும் சேர்ந்தே போகும். ஒன்றின் கதி மற்றதன் கதியோடு பிணைந்தது. சாராமை என்ற நிபந்தனை அங்கே உடைகிறது. எந்த இடத்தில் இந்தப் பரவல் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்பதை எந்த அட்டவணையும் சொல்லித் தராது. கையால் கணக்குப் போட்டவனுக்குத்தான் அது பிடிபடும்.

சட்டப் புத்தகத்துக்காகக் காத்திராத ஊர்

நீ பிறந்த மண்ணைப் பார். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1936இல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இந்த ஏரி இடம்பிடித்தது 2022இல். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காக்கத் தொடங்கியது இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, குடியானவர்கள் செங்கல்பட்டுச் சீமைக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள்.

அவர்களுக்கு எப்படி வந்தது அந்தத் துணிச்சல்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் செழிப்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். எந்தப் புத்தகமும் சொல்லித் தராமல் தாங்களே பார்த்து, தாங்களே அறிந்த உண்மை அது. அதனால்தான் அதிகாரியின் முன்னால் குரல் நடுங்காமல் பேச முடிந்தது. தானே கண்டறிந்ததை மனிதன் யாருக்கு முன்னாலும் சொல்வான். கடன் வாங்கிய விடையைச் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும். தேர்வுக்கூடத்திலும் இதே நியாயம்தான்.

குறுக்குவழிகள் அல்ல, நேர்வழிகள்

கணக்கு நீளமாக வந்தால் மலைக்காதே. நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எதிர்ப்பக்கத்திலிருந்து பார். "குறைந்தது ஒன்று" என்று கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போகாதே. ஒன்றுமே இல்லாத வாய்ப்பைக் கண்டுபிடித்து 1இலிருந்து கழி. ஒரே வரியில் முடியும்.

இரண்டாவது, வெற்றியையும் தோல்வியையும் இடம் மாற்று. வெற்றி வாய்ப்பு 0.9, பத்து முயற்சியில் குறைந்தது எட்டு வெற்றி என்று கேட்கிறார்களா? தோல்வி இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று படி. தோல்வி எண்ணிக்கை 0, 1, 2. மூன்றே எண்களில் வேலை முடிந்தது.

மூன்றாவது, முயற்சிகள் மிக அதிகம், வாய்ப்பு மிகக் குறைவு என்றால் பாய்சான் பரவலுக்குத் தாவு. நூறு பொருள்களில் ஒவ்வொன்றும் பழுதாக வாய்ப்பு 0.02. ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருக்க வாய்ப்பு? சராசரி 2. பாய்சான் தரும் விடை 0.1353. நேரடியாகக் கணக்கிட்டால் 0.1326. எவ்வளவு நெருக்கம் பார்! சராசரி 1 என்றால் 0.3679, 2 என்றால் 0.1353, 3 என்றால் 0.0498. இந்த மூன்று எண்ணையும் மனதில் ஏற்றிக்கொள்.

நான்காவது, தெ மாய்வரின் வழி. நாணயத்தை நூறு முறை சுண்டினால் தலை 55 அல்லது அதற்குக் கீழே விழ வாய்ப்பு என்ன? சராசரி 50, திட்ட விலக்கம் 5. 55உடன் அரையைச் சேர்த்து 55.5 என்று எடு. சராசரியிலிருந்து 5.5 தள்ளி நிற்கிறது. 5ஆல் வகுத்தால் 1.1. இயல்நிலை அட்டவணை தந்திருந்தால் விடை 0.8643. ஐம்பத்தாறு எண்களைத் தனித்தனியாகக் கண்டு கூட்டினாலும் 0.8644தான் வரும். அந்த அரையை மறந்தால் மதிப்பெண் போகும். தொடர்ச்சித் திருத்தம் என்று அதற்குப் பெயர்.

சென்னையிலிருந்து ஆபெல் பரிசு வரை

இந்த நான்காவது வழிக்கும் ஓர் எல்லை உண்டு. நூறு முறை சுண்டி 55 தலை விழுவது சாதாரணம். 90 தலை விழுவது? அவ்வளவு அரிதான கோடியில் மணிவளைவு சொல்லும் எண்ணை நம்ப முடியாது. அங்கே வாய்ப்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று கேட்டவர்களில் தலையாயவர் நம் ஊர்க்காரர். 1940இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன்! தந்தை பள்ளி ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் அவர் எடுத்த பாடம் எது தெரியுமா? நீ பயப்படும் இதே புள்ளியியல். அங்கிருந்து கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம். பிறகு நியூயார்க். அரிய நிகழ்வுகளின் வாய்ப்பை அளக்கும் 'பெரும் விலகல்' கோட்பாட்டை முழுமையாக வளர்த்ததற்காக 2007இல் கணிதத்தின் உச்ச விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2023இல் நம் நாடு பத்ம விபூஷண் தந்தது.

அட்டவணை முடிகிற இடத்தில் அவர் நின்றுவிடவில்லை. அதற்கு அப்பால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உனக்கும் உண்டு. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கும் எண்கள் வேறு வேறாக நடந்துகொள்வதில்லை!

இனி சாக்கு வேண்டாம், வேலை வேண்டும்

நாளைக் காலையில் முதல் வேலையாக ஆசிரியரிடம் போய் நேராகக் கேள்: எந்த அட்டவணை தருவார்கள், கணிப்பான் உண்டா, விடையைப் பின்னமாக விடலாமா? வதந்தியை நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்காதே. கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை வாங்கி, முயற்சிகள் எத்தனை வரை கேட்கிறார்கள் என்று பார். முக்கோணத்தின் பத்தாவது வரிசை வரை கையால் எழுது. 1, 10, 45, 120, 210, 252 என்று ஏறி, அதே வழியில் இறங்கும். கூட்டினால் 1024 வர வேண்டும். 0.9இன் அடுக்குகளை எழுது: 0.81, 0.729, 0.6561, 0.59049. ஒவ்வொரு நாளும் ஒரு பரவலை முதலிலிருந்து கடைசி வரை போட்டு, கூட்டி, சரிபார்.

தேர்வில் ஒவ்வொரு படியையும் எழுது. எந்தப் பரவல், ஏன் அந்தப் பரவல், முயற்சி எத்தனை, வாய்ப்பு எவ்வளவு என்று தெளிவாக எழுது. கடைசிப் பெருக்கலில் கை தவறினாலும் ஸ்டெப் மார்க் உனக்கு நிற்கும். அட்டவணையிலிருந்து எண்ணைப் பெயர்த்து எழுதியவனிடம் காட்டுவதற்குப் படியே இருக்காது.

முதல் நாள் தவறும். கூட்டுத்தொகை 1ஐத் தாண்டும், அல்லது குறையும். தவறட்டும்! எந்தப் படியில் தவறியது என்று தேடிக் கண்டுபிடி. அந்தத் தேடல்தான் படிப்பு. தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தியவனை அதற்குப் பிறகு எந்த வினாத்தாளும் மிரட்ட முடியாது. நம்பிக்கை என்பது தேர்வு நாள் காலையில் நெற்றியில் பூசிக்கொண்டு போகும் திருநீறு அல்ல. தினம் தினம் தாளில் எழுதி எழுதி, அடித்து அடித்துத் திருத்தி, விரல் நுனியில் ஏறுவது.

அட்டவணையை உனக்குத் தர மறுக்கலாம். கணிப்பானை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீ கற்றதை உன்னிடமிருந்து வாங்கி வைக்க எந்தத் தேர்வுக்கூடத்திலும் ஆளில்லை. எட்டு முயற்சி, வெற்றி வாய்ப்பு பாதி. ஒன்பது எண்களையும் இப்போதே எழுது. கூட்டினால் 256 வர வேண்டும். வரவில்லையா? வரும் வரை எழுது!